புதிய வண்டிக்கு எதற்குப் பழைய உருவம்? – வாசகர் கேள்வி பதில்

தில்லி பிரகதி மைதானத்தில் உள்ள பாரத் மண்டபத்தில் மோட்டார் கண்காட்சியைப் பார்த்துவந்த தலைநகர்த் தமிழ் வாசகர்கள் பலர், அங்கே நின்ற பழைய பாணி மோட்டார் சைக்கிள்களைப் பற்றியே கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

மயூர் விஹார் வாசகர்: குடும்பத்தோடு கண்காட்சிக்குப் போயிருந்தோம். மின்சாரக் கார்கள் நின்ற அரங்குகளைவிடப் பழைய பாணி பைக்குகள் நின்ற இடத்தில்தான் இளைஞர் கூட்டம் நெருக்கியடித்தது. "இவ்வளவு தொழில்நுட்பம் கையில் இருக்கும்போது, ஏன் அறுபது வருடத்துக்கு முந்தைய வண்டி மாதிரியே செய்கிறார்கள்?" என்று என் மகன் கேட்டான். பழைய நினைவுகளைக் காசாக்கும் முயற்சி என்று சொல்லிவைத்தேன். சரிதானா?

பதில்: முழுவதும் சரியென்று சொல்ல மாட்டேன். அந்த வண்டிகளைச் சுற்றி நின்றவர்களில் பெரும்பாலோர், அவற்றின் அசல்கள் தெருவில் ஓடிய காலத்தில் பிறக்கவே இல்லை. இல்லாத நினைவை யாரும் விற்க முடியாது. அவர்களை இழுப்பது வேறொன்று: அந்த உருவத்தில் இயந்திரம் கண்ணுக்குத் தெரிகிறது.

1950களிலும் 60களிலும் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிளில் எதுவும் மூடப்பட்டிருக்கவில்லை. காற்று பட்டால்தான் எஞ்சின் குளிரும் என்பதால் எஞ்சின் வெளியே இருந்தது. ஸ்பேனரோடு உட்கார்ந்தால் கை எட்ட வேண்டும் என்பதால், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் பக்கவாட்டில் இருந்தது. ஓட்டுபவரின் முழங்கால் அணைத்துக்கொள்ள இடம் வேண்டும் என்பதால் பெட்ரோல் டேங்க் பின்பக்கம் குறுகியது. கண்ணீர்த்துளி வடிவ டேங்க், வட்ட ஹெட்லைட், நேரான இருக்கை என்று இன்று நாம் அழகாகக் காண்பவற்றில் பெரும்பகுதி, செய்ய வேண்டிய வேலைக்கு ஏற்றபடி பிறந்த வடிவங்கள். 1980களில் பந்தய வண்டிகளின் செல்வாக்கால் பிளாஸ்டிக் உறைகள் வந்து எஞ்சினை மூடிக்கொண்டன. வேகம் கூடியது, ஆனால் வண்டியைப் பார்த்து அது எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொள்ளும் வாய்ப்பு போய்விட்டது.

அதற்கு எதிர்வினை ஜப்பானிலேயே தொடங்கியது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. கவாஸாகி நிறுவனம் 1989-இல் உறையே இல்லாத ஸெஃபிர் வண்டியைக் கொண்டுவந்தது. 1999-இல், 1960களின் தன் வண்டியைப் போலவே தோற்றமளிக்கும் டபிள்யூ 650-ஐ வெளியிட்டது. இங்கிலாந்தில் டிரையம்ஃப் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் பழைய மெரிடன் ஆலை 1983-இல் மூடப்பட்டது. பிறகு ஹிங்க்லி என்ற ஊரில் புதிய உரிமையாளரின் கீழ் மறுபிறவி எடுத்த அந்த நிறுவனம், 1959-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற பானவில் என்ற பெயரை 2001-இல் மீண்டும் டேங்கில் எழுதியது.

நம் நாட்டின் கதை இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. இங்கே பழைய உருவம் போய்த் திரும்பி வரவில்லை. அது போகவே இல்லை. இந்திய ராணுவம் தன் தேவைக்குப் புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததை ஒட்டி, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினார்கள். சில ஆண்டுகளில் முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே உருவானது. ரெடிச் நகரத்துத் தாய் நிறுவனம் மூடப்பட்ட பிறகும் சென்னையின் வடக்கு ஓரத்தில் அதே 346 சிசி எஞ்சின், அதே வார்ப்பிரும்பு சிலிண்டரோடு பல பத்தாண்டுகள் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளின் ஒரு முழு மரபை உயிரோடு காத்தவர்கள் திருவொற்றியூர்த் தொழிலாளர்கள் என்று சொன்னால் அதில் மிகை எதுவும் இல்லை. 2009-இல் புதிய எஞ்சினோடு கிளாசிக் வரிசை வந்தபோது வடிவமைப்பாளர்கள் பழையதைத் தேடி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அது பக்கத்துப் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்தது. இன்று உலகெங்கும் நடுத்தர அளவு ரெட்ரோ பைக், அதாவது பழைய பாணியில் செய்த புதிய பைக் என்றால் ஓரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உருவாகும் வண்டிகளின் பெயரைச் சொல்லாமல் பேச்சு நகராது. மயூர் விஹாரில் வளரும் உங்கள் மகனுக்கு இதைச் சொல்லுங்கள். கண்காட்சியில் அவன் பார்த்தவற்றில் பல நம் ஊர்க் கைகள் செய்தவை.

ஜனக்புரி வாசகர்: கூட்டத்தில் ஒரு வண்டியின் முன்னால் நிற்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். பழைய பாணி பைக்கில் எதை, எப்படிப் பார்க்க வேண்டும்?

பதில்: படத்தைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். முன்சக்கர அச்சிலிருந்து பின்சக்கர அச்சுவரை வண்டியின் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, டேங்கின் அடிக்கோடும் இருக்கையின் அடிக்கோடும் ஒரே நேரில் செல்கின்றனவா, எஞ்சினைச் சுற்றிக் காலி இடம் எவ்வளவு தெரிகிறது என்பவை தூரத்திலிருந்துதான் புலப்படும். நல்ல பழைய வடிவத்தில் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளி நிறைய வயர்களாலும் கறுப்புப் பெட்டிகளாலும் நிரம்பியிருந்தால், முகத்துக்கு மட்டும் பழைய வேடம் போட்ட வண்டி என்று கொள்ளலாம்.

அதன் பிறகு நெருங்கி டேங்கைப் பாருங்கள். டேங்க் இரண்டு தகடுகளை அழுத்தி வடிவாக்கிப் பற்றவைத்துச் செய்யப்படுவது; பற்றவைத்த விளிம்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தால் செய்தவர்களின் அக்கறை தெரிந்துவிடும். கவனமில்லாத வேலையில் அந்த விளிம்பு டேங்கின் அடியில் உதடுபோல் துருத்திக்கொண்டிருக்கும். டேங்கின் மேல் ஓடும் மெல்லிய கோட்டையும் விட்டுவிடாதீர்கள். திருவொற்றியூர் ஆலையில் புல்லட் டேங்கின் பொன்னிறக் கோட்டைத் தூரிகையால் கையாலேயே இழுக்கும் கலைஞர்கள் இருந்தார்கள்; அளவுகோலோ ஒட்டுத்தாளோ இல்லாமல், வளைவோடு வளைவாக ஒரே மூச்சில் இழுப்பார்கள். கையால் இழுத்த கோடு வளைவில் கொஞ்சம் தடித்து, தூரிகையை எடுத்த இடத்தில் இமைமுடியளவு மெலிந்து முடியும். ஸ்டிக்கர் கோட்டுக்குத் தொடக்கமும் முடிவும் ஒன்றுபோலவே இருக்கும். கண்காட்சியில் ஒரு பச்சை நிற டேங்கின் முன் நான் வெகுநேரம் நின்றது இந்தக் கோட்டின் முனையைப் பார்க்கத்தான்.

அடுத்து எஞ்சின். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டு வரிசையான ஃபின்கள், காற்று படும் பரப்பைப் பெருக்கிச் சூட்டை வெளியேற்றுவதற்காக ஏற்பட்டவை. காற்றால் குளிரும் எஞ்சினில் அவை இன்றும் அதே வேலையைச் செய்கின்றன. ஆனால் இன்றைய ரெட்ரோ வண்டிகளில் கணிசமானவை கூலன்ட் என்ற திரவத்தால் குளிர்பவை. டிரையம்ஃபின் பெரிய பானவில்கள் 2016 முதல் அப்படித்தான். ஆனாலும் ஃபின்கள் அப்படியே இருக்கின்றன, ரேடியேட்டர் மட்டும் முன்பக்கக் குழாய்களுக்கு நடுவில் ஒடுங்கி நிற்கிறது. அதே வண்டிகளில் பெட்ரோல் செலுத்தும் பாகம் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் இன்ஜெக்‌ஷன். ஆனால் வெளிக்கூடு பழைய கார்புரேட்டரைப் போலவே வார்க்கப்பட்டிருக்கிறது. சிலர் இதை ஏமாற்று என்பார்கள். நான் அப்படிக் கருதவில்லை. அந்த இடத்தில் ஏதோ ஒரு பாகம் இருந்தே ஆக வேண்டும், அது கண்ணில் பட்டே ஆக வேண்டும்; அதற்கு ஒரு நல்ல உருவம் கொடுத்தவர்களைப் பாராட்டத்தான் தோன்றுகிறது. உள்ளே எதுவுமே இல்லாத வெற்றுப் பிளாஸ்டிக் மூடியை எஞ்சின் பாகம்போல் ஒட்டிவைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியாது. சந்தேகம் இருந்தால், அரங்கில் இருப்பவரிடம் அனுமதி கேட்டு விரல் நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். உலோகத்தின் ஒலியும் பிளாஸ்டிக்கின் ஒலியும் வேறு வேறு.

ராயல் என்ஃபீல்டின் புல்லட், கிளாசிக் வண்டிகளின் ஹெட்லைட்டுக்கு மேலே இருபுறமும் புலிக்கண் என்று அழைக்கப்படும் இரண்டு சிறு விளக்குகள் இருக்கும். 1950களில் வந்த வடிவம் இது. அன்றைய பேட்டரியும் டைனமோவும் வலு குறைந்தவை. பெரிய விளக்கை எரிக்காமல், இங்கே ஒரு வண்டி இருக்கிறது என்று காட்ட அந்தச் சிறு விளக்குகள் போதுமாக இருந்தன. 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய இருசக்கர வாகனங்களின் ஹெட்லைட் எஞ்சின் ஓடும்போதெல்லாம் எரிந்தே ஆக வேண்டும் என்பதால், அந்த வேலைக்கு இன்று தேவை குறைவு. ஆயினும் அந்த இரு கண்கள் இல்லாவிட்டால் அந்த முகத்தை யாராலும் அடையாளம் காண முடியாது. பழைய பாகம் ஒன்று வேலையை இழந்தும் இடத்தை இழக்காமல் இருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சக்கரங்களைப் பார்க்கும்போது கொஞ்சம் நடைமுறையும் வேண்டும். ஸ்போக் சக்கரம் அழகானது, பள்ளம் மேடுகளில் வளைந்து கொடுக்கக்கூடியது. ஆனால் பெரும்பாலான ஸ்போக் சக்கரங்களுக்குள் டியூப் இருக்கும். ரிங் ரோட்டில் மாலை நெரிசலில் ஆணி ஏறினால், டியூப்லெஸ் டயர் மெதுவாகக் காற்றிறங்கி மெக்கானிக் வரை கொண்டுசேர்க்கும். டியூப் உள்ள சக்கரம் அங்கேயே உட்கார்ந்துவிடும். வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் இதை அரங்கிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கரோல் பாக் வாசகர்: எங்கள் தாத்தா கோயம்புத்தூரில் ஜாவாவும் அப்பா யெஸ்டியும் வைத்திருந்தார்கள். இப்போது அதே பெயர்களில் வரும் வண்டிகளுக்கும் அவற்றுக்கும் உண்மையில் ஏதாவது தொடர்பு உண்டா?

பதில்: பெயரிலும் உருவத்திலும் உண்டு, எஞ்சினில் இல்லை. ஜாவா செக் நாட்டு நிறுவனம், 1929-இல் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை உற்பத்தியை ஆரம்பித்தது. 1970களில் ஜாவா என்ற பெயர் போய் யெஸ்டி என்ற பெயர் வந்தது. ஆலை 1996-இல் மூடப்பட்டது. மஹிந்திராவின் துணையோடு இயங்கும் கிளாசிக் லெஜன்ட்ஸ் நிறுவனம் 2018 நவம்பரில் ஜாவாவையும், 2022 ஜனவரியில் யெஸ்டியையும் மீண்டும் கொண்டுவந்தது.

உங்கள் தாத்தாவின் வண்டி இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். விகிதம் தவறினால் ஒன்று புகை மண்டும், இல்லையென்றால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்த வண்டியில் என்னை இன்றும் வியக்கவைப்பது அதன் கிக்கர். உதைத்து ஸ்டார்ட் செய்யும் அதே நெம்புகோல்தான், முன்பக்கம் திருப்பினால் கியர் மாற்றும் நெம்புகோல். கியரை அழுத்தும்போது கிளட்ச்சும் சேர்ந்தே இயங்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. வீட்டில் அந்த வண்டியின் புகைப்படம் இருந்தால் இடது பக்கம் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். கியருக்கென்று தனி லீவரே தெரியாது.

2018-இல் வந்த ஜாவா 293 சிசி, நான்கு ஸ்ட்ரோக், கூலன்ட்டால் குளிரும் எஞ்சின். சுய ஸ்டார்ட் வந்துவிட்டதால் அந்தக் கிக்கருக்கு வேலை இல்லை. ஆனால் ஒரு சிலிண்டருக்கு இருபுறமும் இரண்டு சைலன்சர் என்ற பழைய அடையாளத்தை விடாமல் வைத்திருக்கிறார்கள். அது வெறும் அலங்காரம் அன்று, எஞ்சினிலிருந்தே இரண்டு குழாய்கள் புறப்படுகின்றன. இந்த ஒரு தீர்மானத்துக்காகவே அந்த வடிவமைப்பாளர்களை எனக்குப் பிடிக்கும். முன்சக்கரத்துக்குப் பின்னால் கறுப்பு வண்ணத்தில் ஒண்டியிருக்கும் ரேடியேட்டர்தான் உறுத்தல். நேர் எதிரே நின்று பார்த்தால் தெரியும். பக்கவாட்டில் அவ்வளவாகத் தெரியாது.

தில்லியில் இருந்துகொண்டு இந்தப் பேச்சில் ஃபரீதாபாத்தை மறக்கக் கூடாது. கிராமங்களில் பால் கேன் சுமந்த ராஜ்தூத் 175-ஐச் செய்தது அங்கிருந்த எஸ்கார்ட்ஸ் நிறுவனம். அதன் அசல் வடிவம் போலந்து நாட்டு வண்டி ஒன்று. யமஹாவின் ஆர்டி 350-ஐ 1983 முதல் ராஜ்தூத் 350 என்று செய்து விற்றதும், 1985-இல் ஆர்எக்ஸ் 100-ஐத் தந்ததும் அதே எஸ்கார்ட்ஸ்தான். 98 சிசியில் 11 குதிரைத்திறன் தந்த ஆர்எக்ஸ் 100-இன் புகழ் இன்றும் மங்கவில்லை. ஆனால் புகை விதிகள் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கதவை அடைத்துவிட்டதால், அதன் உருவத்தைத் திரும்பக் கொண்டுவரலாமே தவிர அந்த ஓட்டத்தைக் கொண்டுவருவது கடினம். உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், நாயிவாலா தெருக்களின் மோட்டார் சைக்கிள் கடைகளில் பழைய புல்லட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப்போட்டு வேலை செய்வதைப் பார்க்கலாம். எஞ்சினின் உள்வேலையைப் பார்க்க எந்தக் கண்காட்சி அரங்கையும்விட அதுவே நல்ல இடம்.

துவாரகா வாசகர்: புதிய புல்லட்டில் பழைய 'டுக் டுக்' சத்தம் ஏன் இல்லை?

பதில்: பழைய எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மில்லிமீட்டர். ஒடுங்கிய, உயரமான சிலிண்டர்; கூடவே சுழற்சியைச் சீராக வைக்கும் கனமான ஃப்ளைவீல் சக்கரம். அதனால் மிகக் குறைந்த சுழற்சியிலும் எஞ்சின் நின்றுவிடாமல் ஓடியது. ஒவ்வொரு வெடிப்பையும் காது தனித்தனியே எண்ண முடிந்தது. வால்வுகளைத் திறக்கும் தள்ளுகம்பிகளும் டேப்பெட்டுகளும் எழுப்பிய உலோக ஓசையும் அதோடு சேர்ந்துகொண்டது. 2020-இல் மீட்டியோர் என்ற மாடலோடு வந்து, பிறகு கிளாசிக்குக்கும் புல்லட்டுக்கும் போன 349 சிசி எஞ்சினில் விட்டம் 72, தூரம் 85.8. தள்ளுகம்பிக்குப் பதில், வால்வுகளை இயக்க மேலே ஒரு கேம்ஷாஃப்ட் தண்டு. அதிர்வை அடக்க ஒரு பேலன்சர். பிஎஸ் 6 என்ற புகை விதிக்காக வந்த, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சைலன்சருக்குள் அமர்ந்து சத்தத்தை இன்னும் மென்மையாக்குகிறது. பழைய வண்டியில் நூறு கிலோமீட்டர் போய் இறங்கினால் உள்ளங்கை மரத்திருக்கும். இப்போது அது இல்லை. சத்தத்தில் கொஞ்சம் இழந்து உடம்புக்கு நிறையப் பெற்றிருக்கிறோம். பழைய சத்தம் வேண்டுமென்று வெளியே வெடிச் சைலன்சர் வாங்கி மாட்டாதீர்கள். அது சட்டத்துக்கு விரோதம், தில்லிப் போக்குவரத்துக் காவலர்கள் பிடித்து அபராதம் போடுகிறார்கள். தவிர, அதில் கிடைப்பது பழைய புல்லட்டின் சத்தமும் அன்று.

ஆர்.கே.புரம் வாசகி: பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகளுக்குக் கண்காட்சியில் பார்த்த பழைய பாணி பைக் மிகவும் பிடித்துவிட்டது. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். அவ்வளவு கனமான வண்டியை அவளால் கையாள முடியுமா?

பதில்: முடியும் அம்மா, ஆனால் எந்த வண்டி என்பதை உட்கார்ந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கிளாசிக் 350 சுமார் 195 கிலோ, இருக்கை உயரம் 805 மில்லிமீட்டர். அதே நிறுவனத்தின் ஹன்டர் 350 அதைவிட ஏறத்தாழ 14 கிலோ குறைவு. டிவிஎஸ் ரோனின் 160 கிலோவை ஒட்டி வரும். இருக்கை உயரத்தைக் காகிதத்தில் மட்டும் பார்த்தால் போதாது. இருக்கை அகலமாக இருந்தால் கால் அகன்று, அதே உயரத்திலும் தரை எட்டாமல் போகும்.

ஓடும்போது கனம் தெரியாது. சங்கடம் எல்லாம் நிற்கும்போதும் தள்ளும்போதும்தான். ஆகவே ஷோரூமில் மகளை மூன்று காரியங்கள் செய்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பாதங்களின் முன்பகுதியாவது தரையில் அழுந்துகிறதா என்று பார்க்கட்டும். உட்கார்ந்தபடியே வண்டியைப் பின்னால் தள்ளட்டும். இறங்கி நின்று சாய்ந்திருக்கும் வண்டியை நிமிர்த்தட்டும். மூன்றும் சிரமமில்லாமல் வந்தால் யோசிக்க வேண்டாம். பழைய பாணி வண்டியின் நிமிர்ந்த உட்காரும் முறை, முன்னால் குனிய வைக்கும் வண்டிகளைவிட நகர நெரிசலில் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் இதமானது. 2019 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில், பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் சில வண்டிகளின் குறைந்த விலை வகைகளில் அது முன்சக்கரத்துக்கு மட்டும் இருக்கும். இரு சக்கரங்களுக்கும் உள்ளதையே வாங்கிக் கொடுங்கள்.

முனிர்க்கா வாசகர்: திருநெல்வேலியில் அப்பாவின் 1968-ஆம் ஆண்டுப் புல்லட் நல்ல நிலையில் இருக்கிறது. புதிய ரெட்ரோ வாங்குவதற்குப் பதில் அதையே தில்லிக்குக் கொண்டுவந்து ஓட்டலாமா?

பதில்: தினமும் அலுவலகத்துக்கு ஓட்டும் எண்ணம் இருந்தால் வேண்டாம். தலைநகர்ப் பகுதியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்கள் மீது பசுமைத் தீர்ப்பாயமும், 2018-இல் உச்ச நீதிமன்றமும் கட்டுப்பாடு விதித்தன. அதன் நடைமுறையில் அவ்வப்போது நீதிமன்றம் மாற்றங்கள் செய்துவருகிறது. கொண்டுவரும் நாளில் என்ன நிலை என்பதைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வண்டியை ரயிலில் ஏற்றாதீர்கள்.

உங்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. 50 ஆண்டு கடந்த, அசல் உருவம் மாறாத இருசக்கர வாகனங்களையும் கார்களையும் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. ஏற்கெனவே பதிவு பெற்ற வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பழைய வாகன ஊர்வலம், பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். வழக்கமான பயணத்துக்கோ வாடகைக்கோ கூடாது.

என் யோசனையைக் கேட்டால், வண்டி திருநெல்வேலியிலேயே இருக்கட்டும். அங்கே அதை அறிந்த மெக்கானிக் இருப்பார், உதிரிப் பாகமும் கிடைக்கும். மாதத்துக்கு இருமுறையாவது யாரையேனும் எஞ்சினை ஓடவிடச் சொல்லுங்கள். டேங்கைப் பாதியில் விட்டால் உள்ளே ஈரம் கோத்துத் துருப்பிடிக்கும், நிரப்பியே வையுங்கள். குரோம் பூச்சு தேயாமல், டேங்கின் கோடு அழியாமல் இருந்தால், எக்காரணம் கொண்டும் புதிதாகப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். கண்காட்சியில் நிற்கும் புதிய வண்டிகள் எல்லாம் எட்ட முயல்வது உங்கள் வீட்டில் இருப்பதைத்தான். பழைய வண்டிகளைத் தலைநகருக்கு அருகிலேயே பார்க்க ஆசை என்றால், ஹரியானாவின் தாவ்டூவில் உள்ள பாரம்பரியப் போக்குவரத்து அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள்.

நொய்டா வாசகர்: பழைய பாணி பைக்குகளில் பல ஏன் 350 சிசிக்குச் சற்றுக் கீழே நிற்கின்றன?

பதில்: மரபு ஒரு காரணம், பழைய புல்லட்டே 346 சிசி. இப்போது வரியும் சேர்ந்துகொண்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக உயர்ந்தது. 349 சிசி கிளாசிக்கும் 348 சிசி ஹோண்டா சிபி 350-உம் 334 சிசி ஜாவா 350-உம் கோட்டுக்கு இந்தப் பக்கம். 398 சிசி டிரையம்ஃபும் ராயல் என்ஃபீல்டின் 648 சிசி இன்டர்செப்டரும் அந்தப் பக்கம்.

குருகிராம் வாசகர்: மின்சார பைக்குக்கும் பழைய உருவம் கொடுக்கிறார்கள். எஞ்சினே இல்லாத வண்டிக்கு அது பொருந்துமா? இயந்திரம் வெளியே தெரிவதுதான் அழகு என்பவர்கள் இதை எப்படி ஏற்பார்கள்?

பதில்: நல்ல கேள்வி, நானும் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். ராயல் என்ஃபீல்டு 2024 நவம்பரில் மிலான் கண்காட்சியின்போது காட்டிய ஃப்ளையிங் ஃப்ளீ சி6 என்ற மின்சார வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் கட்டி விமானத்திலிருந்து இறக்கப்பட்ட 125 சிசி சிறு வண்டியுடையது. அறுபது கிலோவைத் தொடாத எடை. இரும்புக் குழாய்க் கூண்டுக்குள் வைத்து இறக்குவார்கள், கீழே விழுந்ததும் வீரர் கூண்டைப் பிரித்து ஓட்டிக்கொண்டு போவார். எடை குறைவு ஒன்றே அந்த வண்டியின் உயிர்.

மின்சார வண்டி அந்த மெலிந்த உடலையும், முன்சக்கரத்தைத் தாங்கும் பழைய பாணிச் சட்டமான கர்டர் ஃபோர்க்கையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. எஞ்சின் இருந்த இடத்தில் மெக்னீசியக் கூடு ஒன்று, அதற்குள் பேட்டரி. கூட்டின் மேல் பழைய சிலிண்டரை நினைவூட்டும் ஃபின்கள். ஓடும்போதும் சார்ஜ் ஏறும்போதும் பேட்டரி சூடாகும். அந்தச் சூட்டை வெளியேற்ற ஃபின்கள் உதவுகின்றன. ஆகவே அவற்றை நான் ஏற்கிறேன். பேட்டரியைக் கண்ணீர்த்துளி டேங்குக்குள் ஒளித்துவைத்து, மேலே திறக்கவே திறக்காத ஒரு பெட்ரோல் மூடியை வைத்திருந்தால் ஏற்றிருக்க மாட்டேன். நீங்கள் பார்த்த மின்சார வண்டி எதுவானாலும், அடுத்த முறை அரங்கில் நிற்கும்போது பேட்டரி எங்கே இருக்கிறது, அதன் சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்ற இரண்டையும் கேளுங்கள். பதில் சொல்லும் இளைஞர் வண்டியின் எந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார் என்று பாருங்கள். அவர் கை வைக்கும் இடமும் உங்கள் கண்ணை இழுத்த இடமும் ஒன்றாக இருந்தால், அந்த வண்டிக்குப் பழைய உருவம் பொருந்திவிட்டது என்றே நான் சொல்வேன்.